காசுல 1116-னு இருந்தா 900 வருஷப் பழசா?

"சார், பழைய காசு வாங்கி வச்சா பின்னாடி நல்ல விலைக்குப் போகுமா?" வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர். அதனால நாஞ்சில் நாட்டுப் பழைய பெட்டிகள்ல சக்கரமும் காசும் இன்னும் கிடக்கு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

வாங்குறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

1. எண் எந்தக் கணக்கு?
திருவிதாங்கூர் காசுல இருக்கிறது கொல்லம் ஆண்டு. அது கி.பி. 825-ல் தொடங்குது. 1116-னு இருந்தா அது 1940–41. "900 வருஷப் பழசு"ன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு விஷயம் தெரியல, இல்லேன்னா உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறார்.

2. ராஜாவும் வருஷமும் ஒத்துப்போகுதா?
சித்திரைத் திருநாள் பாலராம வர்மா ஆட்சிக்கு வந்தது 1931-ல். அவர் பேர் இருக்கிற காசுல கொல்லம் 1090 (1914–15) இருந்தா அது போலி. அப்போ ஆண்டது மூலம் திருநாள்.

3. எடை, காந்தம், ஓரம்
தங்கம், வெள்ளி, செம்பு எதுவும் காந்தத்துல ஒட்டாது. ஒட்டினா போலி. ஆனா ஒட்டலேங்கிறதுக்காக அசல்னு ஆயிடாது. நாணயக் கேட்டலாக்ல போட்டிருக்கிற எடையோட ஒப்பிடுங்க. ஓரத்துல ஒட்டுக்கோடு, மேல சின்னச் சின்னக் குழி இருந்தா அச்சுல வார்த்த நகலா இருக்கலாம். இன்னொண்ணு, கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பு குறைஞ்சிடும்.

இந்த எண் குழப்பம் நம்ம ஊர்க் காசுக்கு மட்டும் இல்ல. சீனாவோட யுன்னான் மாகாணத்துல பு-எர்னு ஒரு டீ இருக்கு. புளிக்க வச்சு, வட்டமா அழுத்தி, வருஷக்கணக்கா வச்சு விற்பாங்க. அதுல 7542-னு ஒரு வகை. 75-ங்கிறது கலவை முறை உருவான வருஷம், 4 இலைத் தரம், 2 மெங்ஹாய் தொழிற்சாலை. நேத்து செஞ்ச டீயிலயும் 7542 இருக்கும்! அதை "1975 சரக்கு"ன்னு நம்பினா காசு போச்சு. வேகமா புளிக்க வைக்கிற முறையே 1970-களில்தான் வந்துச்சு. அந்த வகையை "1950 சரக்கு"ன்னு சொன்னா அங்கேயே பொய். 2007-ல் இந்த டீயோட விலை தாறுமாறா ஏறி, அதே வருஷம் சரிஞ்சுது. அசல் சரக்கு வச்சிருந்தவங்களும் தப்பல.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். ஒரு காசை ₹5,000-க்கு வாங்குறீங்க. அன்னைக்கே அதை வியாபாரிகிட்ட திருப்பிக் கொடுத்தா ₹3,500 தர்றார்னு வைங்க. போட்ட பணம் திரும்ப வரவே அவர் தர்ற விலை சுமார் 43% ஏறணும். இடையில வட்டியும் இல்ல, டிவிடெண்டும் இல்ல. அதனால விளம்பரத்துல கேட்கிற விலையைப் பார்க்காதீங்க. ஏலத்துல உண்மையில விற்ற விலையைப் பாருங்க. பில் இல்லாம வாங்காதீங்க.

விற்கும்போதும் கவனம். "உங்க காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல வரி கட்டுங்க, கமிஷன் கட்டுங்க"ன்னு ரிசர்வ் வங்கி பேர்ல போன் வந்தா கட் பண்ணுங்க. பழைய காசு வியாபாரத்துல தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லேன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சிருக்கு. 100 வருஷம் தாண்டின காசை வெளிநாட்டுக்கு விற்று அனுப்புறதும் 1972 தொல்பொருள் சட்டப்படி குற்றம்.

ஆசைக்கு வாங்குங்க, தப்பில்ல. எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபியும் போக மீதி இருக்கிற பணத்துல மட்டும். தாத்தா பெட்டியில காசு கிடந்தா, முதல்ல வருஷத்தைப் படிச்சு 825 கூட்டிப் பாருங்க. விலை அப்புறம் பேசலாம்.