குமிழி அடங்காத பாட்டில்

நெஞ்சக வார்டுக்கு முதல் டியூட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு:

1. வந்ததும் எக்ஸ்ரேயைத் தேடாதீர்கள். கட்டிலோரம் குனிந்து, மார்பு டியூப் வந்து இறங்கும் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். நோயாளியை இருமச் சொல்லுங்கள். இருமினால் மட்டும் குமிழி வந்தால் சின்னக் காற்றுக் கசிவு. சும்மா மூச்சு விடும்போதே கொப்பளித்தால் பெரிது. குழாய் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. இருந்தால் போதும்.

2. எல்லாக் குமிழியும் நுரையீரலிலிருந்து வருவதில்லை. மார்புக்குப் பக்கத்தில் டியூபைச் சில நொடி கிளாம்ப் செய்யுங்கள். அப்போதும் குமிழி வந்தால் ஓட்டை டியூபிலோ இணைப்பிலோ இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரியவருக்கு மூன்று நாளாக ‘கசிவு நிற்கவில்லை’ என்றே கேஸ் ஷீட்டில் எழுதிவந்தேன். கனெக்டரில் பிளாஸ்டர் சுற்றியதும் நின்றுவிட்டது. சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். கிளாம்ப் போட்டதும் குமிழி நின்றால் டிரஸ்ஸிங்கைப் பிரித்துப் பாருங்கள். டியூபின் பக்க ஓட்டை தோலுக்கு வெளியே நழுவியிருக்கலாம்.

3. குமிழி வரும் டியூபைக் கிளாம்ப் போட்டபடி ஸ்கேனுக்கு அனுப்பவே கூடாது. வழியில்லாத காற்று நுரையீரலை நசுக்கி இதயத்தையும் தள்ளிவிடும். பாட்டில் மார்புக்குக் கீழே இருந்தால் போதும். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

4. ஐந்து நாளாகியும் அடங்கவில்லையென்றால் சர்ஜனைக் கூப்பிடுங்கள். சக்‌ஷனைக் கூட்டிக்கொண்டே போவது வைத்தியமல்ல. சில ஓட்டைகளை அதுவே மூடவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கும்.

5. ஆபரேஷன் தாங்காதவர்களின் ஓட்டையை அடைக்க எனக்குப் பிடித்த வழி, அவர்களுடைய சொந்த ரத்தம். 1987-இல் மருத்துவ இதழில் வந்த முறை. கையிலிருந்து 50 முதல் 100 மி.லி. எடுத்து, உறையுமுன் டியூப் வழியாக உள்ளே செலுத்த வேண்டும். உறையாமலிருக்க மருந்து எதுவும் கலக்கக் கூடாது, உறைவதுதானே வேலை! பிறகு டியூபை டிரிப் ஸ்டாண்டில் ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்துக்கு வளைத்துத் தொங்கவிடுங்கள். ரத்தம் உள்ளே தங்கும், காற்று வெளியே போகும். டியூப் அடைத்துக்கொண்டால் ஆபத்து, ஆகவே டீ குடிக்கப் போகாதீர்கள். அடுத்த நாட்களில் காய்ச்சல் வருகிறதா என்றும் பாருங்கள்.

6. மூச்சுக்குழலில் வைக்கும் வால்வுகளும் உண்டு. நல்லவைதான், விலைதான் இடிக்கும்.

7. காசநோயாளியின் ஓட்டை மாத்திரை வேலை செய்யச் செய்யத்தான் மூடும், வாரக்கணக்காகலாம். மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று தினமும் கேளுங்கள்.

8. டியூபை எடுப்பதற்கு முன் அசையாத அந்தத் தண்ணீரை நோயாளிக்குக் காட்டுங்கள். அத்தனை இரவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் அவர்தான்.