ரோபோவிற்கு மரச் சட்டகம்

தானியங்கும் பொறி என்றதும் எஃகும் அலுமினியமும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின், இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தில் ஏலச்செடிகளினூடே சிறு சுமையை ஏற்றிச் செல்லும் ரோபோ ஒன்றை மாணவர் அமைக்க விரும்பின், மரம் ஏளனத்திற்குரியதன்று. ஒரு கன மீட்டர் எஃகின் நிறை 7,850 கிலோகிராம். அலுமினியத்தின் நிறை 2,700. ஒட்டுப்பலகையின் நிறை சுமார் 600 கிலோகிராமே.

பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மிகும். 3 மி.மீ. பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதாகக் கொள்வோம். அவற்றையே 12 மி.மீ. இடைவெளியுடன் மேலும் கீழுமாக நிறுத்தி, நடுவே மென்மரச் சட்டங்களால் உறுதியாகப் பிணைத்தால், விறைப்பு ஏறக்குறைய 19 மடங்காகும். கூடும் நிறையோ அச்சட்டங்களின் நிறை மட்டுமே. பக்கங்களையும் மூடிப் பெட்டியாக்கினால், மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் உயரும்போது சட்டகம் முறுகுவதும் பெரிதும் குறையும். திறந்த சட்டத்திற்கு இவ்வன்மை இல்லை.

1940 நவம்பரில் முதன்முதல் பறந்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானத்தின் உடலும் இம்முறையிலேயே அமைந்தது: பிர்ச் ஒட்டுப்பலகை இருபுறம், பால்சா மரம் நடுவில். எனினும் 1944 நவம்பரில், இந்தியாவிலும் பர்மா முனையிலும் இவ்விமானங்கள் பறப்பது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. சிறகுகளின் ஒட்டுகள் விட்டுப்போயிருந்தன. ஒட்டிய வேலையின் குறையென்று சிலரும், வெப்பமும் ஈரமும் காரணமென்று சிலரும் கூறினர். நமக்கு இரண்டுமே பாடமாகும்.

மரம் ஈரத்தை ஏற்று இழைக்குக் குறுக்கே விரியும். இழைவழியே விரிதல் மிகச் சொற்பம். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் மாறிமாறிக் குறுக்கே அமைவதன் பயன் இதுவே. தென்மேற்குப் பருவமழை நீண்டு பெய்யும் இவ்வூரில், பீனால் பிசினால் ஒட்டிய பலகையே வேண்டும். பெரும்பாவூர் ஆலைகளின் ரப்பர் மரப் பலகையும் ஆகும். ஆனால் துளைக்கும் வண்டு இம்மரத்தை விரும்புமாதலால், மருந்தூட்டியதா என வினவி வாங்குக. இருமுகங்களையும் வெட்டு விளிம்புகளையும் வார்னிஷ் பூசி மூடுக. விளிம்பை மறப்போர் பலர். நீர் புகுவதும் அவ்வழியேதான்.

மோட்டாரைப் பலகையின் விளிம்பில் திருகாணியால் பொருத்தலாகாது, அடுக்குகள் பிளக்கும். கடின மரக்கட்டை ஒன்றை உள்ளே ஒட்டி, ஊடுருவும் போல்ட்டும் அகன்ற வாஷரும் இடுக. நிறை குறைக்கத் துளையிடுவோர் சட்டங்களின் நடுப்பகுதியிலேயே இடுக. வளையும்போது மேல் கீழ் விளிம்புகளே மிகுந்த விசையைத் தாங்குகின்றன.

முடிந்தபின் மூன்று மூலைகளைத் தாங்கி, நான்காம் மூலையில் எதிர்பார்க்கும் சுமையை ஏற்றி, தாழ்வை அளந்து குறித்துக்கொள்க. மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் அளக்க. தாழ்வு கூடியிருப்பின், எங்கேனும் ஒட்டு தளர்ந்திருத்தல் கூடும்.