கானாவூர் விருந்தும் நம்ம வீட்டு விருந்தும்

(வேத பாடம்: யோவான் 2:1-11)

"இயேசுவே திராட்சரசம் கொடுத்தாரே, நம்ம கல்யாண ரிசப்ஷன்ல கொஞ்சம் ஊத்தினா என்ன பாஸ்டர்?" என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வேதத்தைக் கவனியுங்கள். கானாவூரில் ஆறு கற்சாடிகள் நிரம்பியபோது கல்யாண வீட்டாரின் வெட்கம் நீங்கியது. நம்ம பந்தலுக்குப் பின்னால் பாட்டில் வந்தாலோ வெட்கம்தான் வீட்டுக்குள் வருகிறது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் எத்தனை தாலியை அறுத்தது!

லூக்கா 14:12-14 வாசியுங்கள். திருப்பிச் செய்ய முடியாதவர்களை அழைக்கச் சொன்னார் ஆண்டவர். அந்த விதவைகளையும், மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிகளையும் மொய் எதிர்பார்க்காமல் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். ஜெபித்து இலை போடுங்கள். உப்பில்லாத சாப்பாட்டின் ருசி நமக்குத் தெரியும். கர்த்தர் இல்லாத பந்தியும் அப்படித்தான். ஆமென், அல்லேலூயா!