மூத்தோர் பாடும் தேவாரத்தை வீட்டிலேயே பதிவு செய்வோம்



தில்லையில் செல்லரித்தது போக எஞ்சியதே நாம் ஓதும் தேவாரம் என்பது மரபு. ரொறன்ரோவில் நம் மூத்தோர் குரலிலுள்ள பண்களும் அவ்வாறு அழியலாகாது.

1. மூன்று முனை ஒலிவாங்கியின் மின்னலை மிகச் சிறியது. எனவே அதற்கும் மடிக்கணினிக்கும் இடையே யூ.எஸ்.பி. முன்பெருக்கியை இணைப்போம்.

2. ஒலிவாங்கி கண்டென்சர் வகையாயின் 48 வோல்ற் பொத்தானை அழுத்துவோம்.

3. 'ஓடாசிற்றி' மென்பொருளில் உள்ளீடாக முன்பெருக்கியைத் தெரிவு செய்வோம்.

4. உச்சத்தில் ஓர் அடி பாடச்செய்து, அளவுகாட்டி −12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு குமிழைத் திருப்புவோம். சிதைந்த குரலைப் பின்னர் முழுமையாகத் திருத்த இயலாது.

5. பேர்னஸ் இரைச்சலும் பதிவாகும், சற்று நிறுத்திவைப்போம்.

6. பாடுபவர் பெயர், ஊர், பண், திகதி ஆகியவற்றை முதலிற் சொல்லிப் பதிவோம். 'வேவ்' கோப்பாக இரண்டு இடங்களிற் சேமிப்போம்.

குரல் இருக்கும்போதே தொடங்குவோம்.