தடம் மாறிய எதிர்ப்பொருள்

கிருமிகளை ஒழிக்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன என்று படித்திருப்பீர்கள். லூபஸ் நோயாளிகள் பலரிடம் அவை சொந்த டி.என்.ஏ.வையே பகையாகக் கொள்கின்றன! மூட்டுவலி, முகத்தில் செந்தடிப்பு இவற்றோடு சிலருக்கு மறதியும் வருகிறது. (அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வோரும் உண்டு.)

மறதி ஏன்? 2001-இல் நியூயார்க்கில் பெட்டி டயமண்ட் அம்மையாரின் குழு ஒரு தடயம் கண்டது. டி.என்.ஏ.வைப் பற்றும் எதிர்ப்பொருள்களில் சில, மூளை நரம்புச் செல்களின் குளுட்டமேட் ஏற்பிகளையும் பற்றுகின்றன. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உள்ளதே? 2004-இல், இவ்வெதிர்ப்பொருள் கொண்ட சுண்டெலிகளுக்குப் பாக்டீரியா நச்சைச் செலுத்தி அத்தடுப்பைத் தளர்த்தினார்கள். நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் செல்கள் மடிந்தன, நினைவாற்றலும் குன்றியது. தடுப்பு தளராத சுண்டெலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை! ஆகவே இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து ஒருவருடைய மறதிக்குக் காரணம் சொல்லிவிட முடியாது.