எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சோறு எப்போது?

சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், என் மருமகளுக்கு எடை குறைய ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம் ஆச்சு. இன்னும் மசிச்சு மசிச்சுத்தான் சாப்பிடுறா. எப்பதான் சோறு போடுறது?" என்று கேட்டார். அதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டார்கள். "தெம்பு வேணும்ல, ரெண்டு இட்லியாவது குடுங்க" என்பதுதான் அதில் நிறையப் பேருடைய பதில். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

வசதியானவர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று அவதிப்படும் அதிக எடை உள்ளவர்களுக்கு டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். அழகுக்காகச் செய்வது இல்லை.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 'ஸ்லீவ்' என்ற முறையில் இரைப்பையில் முக்கால் பங்கு அளவுக்கு எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விடுகிறார்கள். சின்ன டம்ளர் அளவுதான் கொள்ளும். 'பைபாஸ்' முறையில் (இருதய பைபாஸ் வேறு, இது வேறு) மேலே சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறு பை மட்டும் வைத்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். வயிற்றின் மேலே தெரியும் காயம் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே உள்ள நீளத் தையல் உறுதிப்பட்டு, வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். மேலே ஆறிப்போச்சே என்று கெட்டியாகக் கொடுத்தால் உள்ளே அடைக்கும், வாந்தி வரும்.

பொதுவாக முதல் இரண்டு வாரம் நீராகவே போகும். அடுத்த இரண்டு வாரம் கட்டியில்லாமல் மசித்தது. அப்புறம் மெத்தென்ற உணவு. ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகுதான் வழக்கமான கெட்டி உணவு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கொஞ்சம் மாறும். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுதான் கணக்கு. பக்கத்து வீட்டு அனுபவம் கணக்கில் வராது.

கெட்டி உணவுக்கு மாறும்போது நம் வீட்டுப் பழக்கம் பல தலைகீழாகும். நாம் முதலில் சோற்றைப் போட்டு, குழம்பு ஊற்றி, காயை ஓரத்தில் வைப்போம். இவர்களுக்கு முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர், பன்னீர். வயிற்றில் மிச்சம் இடம் இருந்தால்தான் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதச்சத்தாவது வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சோறும் ரசமும் எந்த மூலைக்கு? கோழியை விட மீன் முதலில் சுலபமாக இறங்கும். காய்ந்த கறித்துண்டு அடைக்கும். பரோட்டா, குழைந்து ஒட்டும் சோறு இரண்டும் உள்ளே போய் உருண்டையாகத் திரளும். இட்லியும் சாம்பாரில் நன்றாக ஊறினால்தான் சரி. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், தேங்காய்ச் சில் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். களியை மெல்லக்கூடாது, அப்படியே விழுங்கணும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இவர்களுக்கு அது ஆகவே ஆகாது. எதுவாக இருந்தாலும் கூழாகும் வரை மெல்ல வேண்டும்.

ஒரு நாளைக்குப் புதிதாக ஒரே ஒரு பதார்த்தம். குழந்தைக்கு ஊட்டும் ஸ்பூன், சின்னத் தட்டு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். விக்கல் வந்தால், மூக்கில் நீர் வடிந்தால், நெஞ்சுக்குழி அழுத்தினால் போதும் என்று அர்த்தம். "இந்த ஒரு வாய் மட்டும்" என்று யாரும் கெஞ்ச வேண்டாம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம். பைபாஸ் ஆனவர்கள் இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும்.

அந்த 30 நிமிடம் எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடி மீந்ததை ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போடுகிற நமக்கு இதுதான் மருந்தை விடக் கஷ்டமான விஷயம். மருமகள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று மாமியார் முகம் சுளிக்கலாம். டாக்டர் சொன்னது என்று மாமியாரையும் கணவரையும் அடுத்த பரிசோதனைக்குக் கூடவே அழைத்துப் போய், அவர்கள் காதாலேயே கேட்க வையுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எப்போதாவது வேகமாகச் சாப்பிட்டு ஒரு வாந்தி வருவது வேறு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் "ஆபரேஷன் ஆன வயிறு, அப்படித்தான்" என்று விடாதீர்கள், திருஷ்டி கழித்துக்கொண்டும் இருக்காதீர்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 உடம்பில் அதிக நாள் சேமிப்பு இல்லை. அது தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். உள்ளூர் கிளினிக்கில் களைப்பு என்று குளுக்கோஸ் ஏற்றப் போனால், இன்ன ஆபரேஷன் ஆனது என்று முதலில் சொல்லுங்கள்; தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கடும் வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்றால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக வேண்டும். 108 வண்டியைக் கூப்பிடலாம்.

சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க உண்டு. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீயோடு இரும்பு மாத்திரை வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை புண்ணாக்கும். ஒன்று முதல் ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவிடலாம்.

ஊக்குநர்கள் அடுத்த வாரக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிவிட்டு, இரண்டு கேள்விகளைப் பேச வையுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவர் உட்கார்ந்து சாப்பிட எத்தனை நிமிடம் கிடைக்கிறது?