மரபணு மாற்றிய மக்காச்சோளம்: தீங்கற்றதென அறிவது எவ்வாறு?

நாஞ்சில் நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளைவதில்லை. எனினும் கோழித் தீவனமாக நம் வீடுகளுக்கு வருகிறது. மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றின் மரபணுவைப் புகுத்தி, புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும் ரகங்களை அயல்நாடுகளில் பயிரிடுகின்றனர். இந்தியாவில் இவற்றைப் பயிரிட அனுமதி இல்லை.

அப்புரதம் மனிதருக்கு ஏற்குமா என்பதை முக்கியமாக மூன்று சோதனைகளால் ஆராய்வர். வயிற்று நீரை ஒத்த திரவத்தில் அது விரைவில் சிதைகிறதா? ஒவ்வாமை தரும் புரதங்களை ஒத்திருக்கிறதா? எலிகளுக்கு 90 நாள் ஊட்டினால் கேடு தோன்றுகிறதா?

அமெரிக்காவின் ‘ஸ்டார்லிங்க்’ ரகத்தில் புரதம் எளிதில் சிதையவில்லை. ஆதலால் 1998-இல் கால்நடைத் தீவனத்திற்கு மட்டுமே அனுமதித்தனர். ஆயினும் 2000-இல் அது மக்கள் உண்ணும் பண்டங்களில் காணப்பட்டது. அவை திரும்பப் பெறப்பட்டன. ஒவ்வாமை என முறையிட்டோரைச் சோதித்ததில், அப்புரதமே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனினும் கலந்துவிட்ட தானியத்தைப் பிரித்தெடுப்பது அரிது என்பது தெளிவாயிற்று.

நம் நாட்டில் புழு எதிர்ப்புப் பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. அதே வகை மரபணு புகுத்திய கத்தரியோ 2010-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. உடுப்பதற்கு ஏற்றது உண்பதற்கும் ஏற்றதென்று தானே ஆகிவிடாது.

ஆகவே அங்கத்தினர்கள், “தீங்கில்லை” என்ற சொல்லோடு அமையாது, எப்பயனுக்கு, எச்சோதனையால் அவ்வாறு கண்டனர் என்று வினவுதல் வேண்டும். தீவனத்தையும் உணவுத் தானியத்தையும் சங்கக் கிடங்கில் தனித்தனியே வைத்தல் நம் கடமையாகும்.